இளைத்த இருதயமும் தாங்கும் நாட்களும்

பாடப் பகுதி: 1 இராஜாக்கள் 19:1–8



 நமது மருத்துவமனையின் ஊழியத்தை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கி வருகிற உங்களுக்காக ஆண்டவரைத் துதிக்கிறோம்.

இந்த இதழின் பாடத்திற்கு ஒரு நோயைத் தெரிந்துகொண்டிருக்கிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே, பெஞ்சில் இரவும் பகலும் உட்கார்ந்திருக்கிற குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “காய்ச்சல் என்றுதானே கொண்டுவந்து சேர்த்தோம். இப்போது இருதயமே வேலை செய்யவில்லை என்கிறார்களே. இனி என்ன இருக்கிறது, ஐயா?” இப்படிக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறவர்கள் அநேகர்.

இந்தக் கேள்விக்கு மருத்துவ அறிவு தருகிற பதில் நம்பிக்கையுள்ள பதில். கடுமையான கிருமித் தொற்றில் இருதயத் தசை இளைத்துப்போவது பெரும்பாலும் தற்காலிகமானது. தொற்றிலிருந்து பிழைக்கிறவர்களுக்கு, பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் அது பழைய பெலத்துக்குத் திரும்புகிறது. அந்த நாட்களை எப்படிக் கடப்பது, யார் தாங்குவது என்பதே இந்தப் பாடம்.

1. இருதயத்தின் வேலை

நம்முடைய இருதயம் ஒரு நாளில் ஏறக்குறைய 1 லட்சம் முறை துடிக்கிறது. இளைப்பாறியிருக்கும் வேளையிலும் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை உடலெங்கும் அனுப்புகிறது. இதன் இடது கீழறையே பெரும் பாரத்தைச் சுமக்கிறது. அந்த அறையில் நிரம்பும் இரத்தத்தில் நூற்றில் எத்தனை பங்கை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதை எக்கோ பரிசோதனையில் கணக்கிடுகிறார்கள். இதைத்தான் நம் ஊர் மக்கள் “பம்பிங்” என்று சொல்லுகிறார்கள். சுகமுள்ள ஒருவருக்கு இது ஏறக்குறைய 55 முதல் 70 சதவீதம் வரை இருக்கும். ஒரு துளி இரத்தமும் விடாமல் தள்ளும் இருதயம் எவருக்கும் இல்லை. ஆகையால் பம்பிங் 60 என்று சீட்டில் எழுதியிருந்தால், “நூற்றுக்கு அறுபதுதானா?” என்று பயப்பட வேண்டியதில்லை. அது நல்ல எண்.

மாரடைப்பில் இந்த எண் குறைவதற்குக் காரணம் நமக்குத் தெரியும். இருதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய் அடைபடுகிறது. அந்தப் பகுதித் தசை செத்துப்போகிறது. செத்த தசை திரும்ப வராது. அவ்விடத்தில் தழும்புதான் உண்டாகும். “இருதயம் கெட்டுவிட்டது” என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனதில் வருவது இந்தச் சித்திரம். ஆனால் கிருமித் தொற்றில் நடப்பது வேறு.

2. கிருமி ஓரிடத்தில், நோய் எங்கும்

சிறுநீர்த் தாரையில் தொற்று, நிமோனியா, சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத புண், பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பையில் சீழ், குடல் வெடித்து வயிற்றில் பரவிய சீழ் என்று தொற்று எங்கோ ஓரிடத்தில் தொடங்குகிறது. உடல் அதை எதிர்த்துப் போராடுகிறது. அந்தப் போராட்டமே கட்டுக்கடங்காமல் போய், உடல் தன் சொந்த உறுப்புகளையே சேதப்படுத்தத் தொடங்கும் நிலையை மருத்துவர்கள் “செப்சிஸ்” என்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு உலக அளவில் நிபுணர்கள் கூடித் தந்த விளக்கமும் இதுவே: தொற்றுக்கு எதிராக உடல் காட்டும் எதிர்ப்பு ஒழுங்கு தப்பி, உயிருக்கு ஆபத்தாகும்படி உறுப்புகள் செயலிழப்பது.

இது அபூர்வமான நோய் என்று எண்ண வேண்டாம். 2020-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, 2017-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் ஏறக்குறைய 4 கோடியே 89 லட்சம் பேருக்குச் செப்சிஸ் கண்டது. 1 கோடியே 10 லட்சம் பேர் மரித்தார்கள். அந்த ஆண்டின் மரணங்களில் ஐந்தில் ஒன்று இது. அதே 2017-ல் உலக சுகாதார மாமன்றம் செப்சிஸை முதன்மை கொடுத்துக் கவனிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இதில் மிகவும் பாதிக்கப்படுவது ஏழை நாடுகளும் ஏழை வீடுகளுமே.

செப்சிஸில் இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. அவற்றின் சுவர்களில் நீர் கசிகிறது. வாய்க்காலின் கரை உடைந்து அகன்றுவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது அல்லவா? அப்படியே இரத்த அழுத்தம் குறைந்து, சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் இரத்தம் போதாமல் போகிறது. நோயாளி பிதற்றுகிறார், சிறுநீர் குறைகிறது, மூச்சு வாங்குகிறது. இந்த நேரத்தில்தான், எல்லாவற்றையும் ஈடுகட்ட வேண்டிய இருதயமும் சிலருக்கு இளைத்துப்போகிறது.

3. 1984-ல் கண்டுகொண்டது

அமெரிக்காவில் பெதெஸ்டா என்னும் ஊரிலுள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் டாக்டர் மார்கரெட் பார்க்கர், டாக்டர் ஜோசப் பரில்லோ ஆகியோரும் அவர்களுடைய உடன் ஊழியரும் செப்சிஸினால் இரத்த அழுத்தம் விழுந்த 20 நோயாளிகளைக் கவனித்தார்கள். கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு இரத்தத்தில் செலுத்தி, நோயாளியின் படுக்கையிலேயே இருதயத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்தார்கள். 1984-ல் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகத்தை ஆச்சரியப்படுத்தியது.

அந்த 20 பேரில் 13 பேர் பிழைத்தார்கள். பிழைத்த 13 பேரில் 10 பேருக்கு முதல் நாட்களில் பம்பிங் 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. இருதய அறையும் விரிந்திருந்தது. ஆனால் நோய் தொடங்கிய பத்து நாட்களுக்குள் அவர்களுடைய இருதயம் வழக்கமான அளவுக்கும் பெலத்துக்கும் திரும்பிவிட்டது. மரித்த 7 பேரின் இருதயத்திலோ அப்படிப்பட்ட பெரிய மாற்றம் தொடக்கத்தில் காணப்படவில்லை.

இதைப் படித்துவிட்டு, “பம்பிங் குறைந்தால் பிழைத்துவிடுவார்” என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அது சிறிய ஆய்வு. இரத்தக் குழாய்கள் மிகவும் தளர்ந்துபோனவர்களுக்கு, எதிர்த்துத் தள்ளத் தடை இல்லாததால், பெலவீனமான இருதயமும் நன்றாய்த் தள்ளுவதுபோலத் தோன்றும் என்று மருத்துவர்கள் விளக்குகிறார்கள். அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து, இவர் பிழைப்பார், இவர் மரிப்பார் என்று சொல்ல முடியாது என்பதைப் பிற்காலத்தில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் கண்டார்கள். ஆயினும் ஒரு காரியம் நிலைத்து நின்றது. இந்தப் பெலவீனம் திரும்பக்கூடிய பெலவீனம்.

4. ஏன் இளைக்கிறது?

இருதயத்துக்கு இரத்தம் போதாமல்தான் இப்படி ஆகிறதோ என்று முதலில் எண்ணினார்கள். 1986-ல் அதே நிறுவனத்தார் இருதயத்தின் சொந்த இரத்த ஓட்டத்தை அளந்து பார்த்தபோது, அது குறைந்திருக்கவில்லை. அப்படியானால் மாரடைப்பு அல்ல.

அதற்கு முந்தின ஆண்டு, 1985-ல், வேறொரு காரியம் வெளிப்பட்டது. இந்த நோயாளிகளின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த நீரை, ஆய்வுக்கூடத்தில் துடித்துக்கொண்டிருந்த எலியின் இருதயச் செல்களின்மேல் விட்டார்கள். அந்தச் செல்களின் துடிப்பு பெலன் குறைந்தது. அதே நோயாளிகள் சுகமானபின் எடுத்த இரத்தநீரை விட்டபோது அப்படி நடக்கவில்லை. இருதயத்தை இளைக்கச் செய்யும் பொருள் நோய் நாட்களில் இரத்தத்தில் இருக்கிறது, சுகமாகும்போது போய்விடுகிறது என்று விளங்கிற்று. கிருமியை எதிர்க்க உடலே சுரக்கும் சில புரதங்கள் இதற்கு முக்கிய காரணம் என்பது 1990-களில் தெளிவாயிற்று. மிகுதியாய் உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு, செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்புகளின் சோர்வு முதலிய வேறு காரணங்களும் சேருகின்றன.

செப்சிஸில் மரித்தவர்களின் இருதயத் தசையை நுண்ணோக்காடியில் ஆராய்ந்தபோது, செயலிழப்பின் கடுமைக்குத் தக்கபடி செல்கள் செத்திருக்கவில்லை. செல்கள் பெரும்பாலும் உயிரோடிருந்தன, வேலையைக் குறைத்துக்கொண்டிருந்தன. கடுமையான நெருக்கத்தில் தன்னைக் காத்துக்கொள்ள இருதயம் ஒருவித உறக்கத்துக்குள் போகிறது என்று அறிஞர் சிலர் கருதுகிறார்கள்.

கிணற்று மோட்டாரை வைத்திருக்கிற நம் விவசாயச் சகோதரர்களுக்கு இது எளிதில் விளங்கும். வோல்டேஜ் இறங்கிவிட்டால் மோட்டார் முனகும். தண்ணீர் மெல்ல வரும். மோட்டார் எரிந்துவிடவில்லை. வோல்டேஜ் சரியானால் அதே மோட்டார் பழையபடி இறைக்கும். ஆனால் குறைந்த வோல்டேஜில் பிடிவாதமாய் ஓட்டினால் காயில் எரிந்துபோகும்.

5. அடித்து ஓட்டாமல் தாங்குவது

இளைத்த இருதயத்தை நேரடியாய்ச் சுகப்படுத்தும் தனி மருந்து இல்லை. செய்யக்கூடியது இரண்டு: நோயின் மூலத்தைத் தாக்குவது, இருதயம் எழும்பும்வரை உடலைத் தாங்குவது.

மூலத்தைத் தாக்குவதற்குச் சரியான ஆன்டிபயாடிக் மருந்து உடனே வேண்டும். இரத்த அழுத்தம் விழுந்த நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும் என்பது இன்றைய நெறி. சீழ் இருந்தால் வெளியேற்ற வேண்டும். அழுகிய பகுதியை அகற்ற வேண்டும்.

தாங்குவதற்கு முதலில் இரத்தக் குழாய் வழியாய்ச் சலைன் ஏற்றுகிறார்கள். அதிலும் அளவு உண்டு. இளைத்த இருதயத்துக்கு மிஞ்சின நீரைத் தள்ள முடியாமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆகையால் எக்கோ கருவியைப் படுக்கையண்டைக்கே கொண்டுவந்து பார்த்துப் பார்த்து ஏற்றுகிறார்கள். தளர்ந்த குழாய்களை இறுக்குவதற்கு நார்அட்ரினலின் என்னும் மருந்தைப் பம்பு மூலம் சொட்டுச் சொட்டாய்ச் செலுத்துகிறார்கள். அதற்குமேலும் இரத்த ஓட்டம் போதாமல் இருதயம் திணறினால் டொபுடமின் போன்ற மருந்தைச் சேர்க்கிறார்கள். மூச்சு தளர்ந்தால் வென்டிலேட்டர். சிறுநீரகம் நின்றால் டயாலிசிஸ்.

இவ்விடத்தில் மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தைக் குறிப்பிட வேண்டும். இருதயத்தை மருந்தினால் விரட்டி, வழக்கத்துக்கும் அதிகமாய் வேலை வாங்கினால் நோயாளி சீக்கிரம் பிழைப்பார் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1994-ல் லண்டனில் கடும் நோயாளிகளிடையே இதைச் சோதித்தார்கள். டொபுடமினை ஏராளமாய்க் கொடுத்து விரட்டப்பட்டவர்களில் 54 சதவீதம் பேர் மருத்துவமனையில் மரித்தார்கள்; அப்படி விரட்டப்படாதவர்களில் 34 சதவீதம். இருதயத் தசையைப் பெலப்படுத்தும் லெவோசிமெண்டான் என்னும் மருந்தைப் பிரிட்டனில் செப்சிஸ் நோயாளிகள் 516 பேரிடம் சோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையோடு அதையும் சேர்த்ததனால் பயன் ஒன்றும் காணப்படவில்லை.

தேவைக்கு மட்டும் கை கொடுத்து, மற்றபடி காத்திருப்பதே ஞானம் என்று தேறிற்று. காத்திருப்பது சும்மா இருப்பது அல்ல. மணிக்கு மணி அழுத்தத்தைப் பார்த்து, சிறுநீரை அளந்து, மருந்தின் சொட்டை ஒன்று கூட்டி ஒன்று குறைத்து, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்து, இரவெல்லாம் விழித்திருக்கிற எங்கள் செவிலிய சகோதரிகளைக் கேட்டால் அது எவ்வளவு பெரிய வேலை என்று சொல்லுவார்கள்.

6. சூரைச்செடியின் கீழே

இப்போது நமது வேதப் பகுதிக்கு வருவோம். கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்ட எலியா தீர்க்கதரிசி, யேசபேலின் பயமுறுத்தலைக் கேட்டு ஓடுகிறார். வனாந்தரத்தில் ஒரு நாள் பிரயாணம் போய், ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, தன் பிராணனை எடுத்துக்கொள்ளும்படி தேவனிடம் வேண்டுகிறார். நேற்று அக்கினியை இறக்கும்படி ஜெபித்தவர் இன்று நடக்கவும் பெலனில்லாமல் படுத்துவிட்டார்.

தேவன் அவருக்கு என்ன செய்தார் என்று கவனியுங்கள். கடிந்துகொள்ளவில்லை. எழுந்து ஓடு என்று விரட்டவும் இல்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பித் தட்டி எழுப்பி, சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தார். எலியா புசித்துக் குடித்துவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார். தூதன் அதற்கும் கோபிக்கவில்லை. இரண்டாந்தரம் வந்து, பிரயாணம் அவருடைய பெலத்துக்கு மிஞ்சினது என்பதை அறிந்தவனாய்த் திரும்பவும் போஜனம் கொடுத்தான். அதற்குப் பிறகே எலியா நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போய்ச் சேர்ந்தார். அவருக்குரிய கேள்வியைத் தேவன் அங்கே கேட்டார். சூரைச்செடியின் கீழே கேட்கவில்லை.

நாம் இதிலிருந்து மூன்று காரியங்களைக் கற்றுக்கொள்ளுகிறோம்.

முதலாவது, பெலவீனம் முடிவு அல்ல. எலியா தன் ஊழியம் முடிந்தது என்று எண்ணினார். ஆனால் யெகூவையும் எலிசாவையும் அபிஷேகம் பண்ணும் கட்டளை அவருக்கு அதற்குப் பின்புதான் வந்தது.

இரண்டாவது, சோர்ந்தவரைக் குற்றப்படுத்துவது தேவனுடைய முறை அல்ல. “விசுவாசம் குறைவு, அதனால்தான் இருதயம் விழுந்துவிட்டது” என்று நோயாளியின் படுக்கையருகே சொல்லுகிறவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அன்பானவர்களே, அப்படிச் சொல்லாதிருங்கள். கிருமியோடு போராடிய உடலின் இருதயம் இளைப்பது பாவத்தின் அடையாளம் அல்ல. போராட்டத்தின் விலை அது.

மூன்றாவது, தாங்குதல் ஒரே தடவையில் முடிவதில்லை. தூதன் இரண்டாந்தரம் வந்தான். முதல் நாள் ஓடிவந்து பார்க்கிறவர்கள் அநேகர்; ஆறாம் நாளில் வருகிறவர்கள் கொஞ்சம்பேர்.

7. கையெழுத்துக் கேட்கும் நாள்

எங்கள் ஊழியத்தில் மிகவும் பாரமான நேரம், மரண நேரம் அல்ல. குடும்பத்தார் “எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிப் போகிறோம்” என்று வந்து நிற்கும் நேரம். அது பெரும்பாலும் மூன்றாம் நாள், நான்காம் நாளில் வருகிறது. கொண்டுவந்த பணம் தீர்ந்திருக்கும். காப்பீட்டு அட்டை இருந்தாலும், உடனிருப்பவர்களின் சாப்பாடு, பஸ் செலவு, இழந்த கூலி ஆகியவற்றை அட்டை தாங்குவதில்லை. அந்த நேரத்தில்தான், “இருதயமும் போய்விட்டது” என்ற செய்தி காதில் விழுகிறது.

ஒரு தாயைப் பற்றிச் சொல்லுகிறோம். அடையாளம் தெரியாதபடி விவரங்களைச் சற்று மாற்றியிருக்கிறோம். வயல் வேலை செய்கிறவர். சர்க்கரை நோய் உண்டு. சிறுநீர்த் தொற்றினால் நாலு நாள் குளிர்காய்ச்சல். கடை மாத்திரையில் சமாளித்து, நினைவு தப்பியபின் கொண்டுவந்தார்கள். இரண்டாம் நாள் எக்கோவில் பம்பிங் 25. மூன்றாம் நாள் மாலை அவருடைய அண்ணன் வந்தார். “ஆட்டையெல்லாம் வித்தாச்சு, ஐயா. இருதயமும் போயிடுச்சுன்னா, வீட்டுல கொண்டுபோய் வெச்சு நிம்மதியா போகட்டும்” என்றார். அவர் கொடுமைக்காரர் அல்ல. தங்கையின் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு போட வேண்டியவர் அவர்தான்.

மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து, நின்றுபோன இருதயத்துக்கும் இளைத்த இருதயத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டினார். உறுதி ஒன்றும் கொடுக்கவில்லை. “காய்ச்சல் இறங்குகிறது, அழுத்தம் கொஞ்சம் நிற்கிறது. இன்னும் நாலு நாள் தாருங்கள்” என்று மட்டும் கேட்டார். அந்த நாலு நாட்களின் செலவை ஏழை நோயாளர் நிதி ஏற்றுக்கொண்டது. அண்ணனுக்கும் சாப்பாட்டுச் சீட்டு கொடுத்தோம். ஒன்பதாம் நாள் எக்கோவில் பம்பிங் 50. பிற்பாடு அந்தத் தாய் நடந்தே வெளியே போனார். அக்குடும்பத்தார் கிறிஸ்தவர்கள் அல்ல. எங்கள் ஆண்டவர் அதைக் கேட்டுச் சுகப்படுத்தினவர் அல்ல, நாங்களும் கேட்கவில்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும்; எல்லாரும் பிழைக்கிறார்கள் என்று நீங்கள் எண்ணினால் அது உண்மையாகாது. ஓர் இளைஞன் காய்ச்சல் தொடங்கி எட்டாம் நாள் வந்தான். அக்குளில் ஒரு சிறு கறுத்த பொருக்கு இருந்தது. வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. ஸ்க்ரப் டைபஸ் என்னும் காய்ச்சல் அது. புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் கடியினால் வருவது. அவனுக்கும் இருதயம் இளைத்திருந்தது. “பத்து நாளில் திரும்பக்கூடும்” என்று தகப்பனாருக்குச் சொல்லியிருந்தோம். நுரையீரலும் சிறுநீரகமும் சேர்ந்து தளர்ந்து, நாலாம் நாள் மரித்துவிட்டான். “பத்து நாள் ஆகலையே, ஐயா” என்றார் தகப்பனார். அதற்குச் சொல்லும்படி எங்களிடம் ஒன்றும் இல்லை. விடியும்வரை அவரோடு உட்கார்ந்திருந்தோம்.

இவ்விருவரையும் சேர்த்தே நாங்கள் நினைவில் வைத்திருக்கிறோம். நாட்களைக் கொடுப்பது நம்முடைய கையில் ஓரளவு இருக்கிறது. ஜீவனைக் கொடுப்பது அவருடைய கையில் இருக்கிறது. ஆனால் நாட்கள் கொடுக்கப்படாவிட்டால், திரும்பக்கூடிய இருதயமும் திரும்ப வழியில்லை.

8. சபைகள் செய்யக்கூடியவை

முதலாவது, நேரத்தோடே அனுப்புங்கள். காய்ச்சலோடு நடுக்கம், மூச்சு வாங்குதல், பேச்சில் குழப்பம், அரை நாளாய்ச் சிறுநீர் போகாமை, கை கால் சில்லிடுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் மறுநாள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வயோதிபர், சர்க்கரை நோயாளர், புதிதாய்ப் பிரசவித்த தாய்மார், கைக்குழந்தைகள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் இது வரக்கூடும். காய்ச்சல் கண்டவரின் அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு ஆகிய மறைவிடங்களில் கறுத்த பொருக்கு உண்டா என்று வீட்டாரே பாருங்கள். கண்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்ஸிசைக்ளின் என்னும் விலை குறைந்த மருந்தே ஆரம்பத்தில் போதும். கடுமையான நிலையில் டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ஊசியாய்க் கொடுப்பது அதிக பயன் தருகிறது என்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் காட்டியது.

இரண்டாவது, நடுநாட்களில் வாருங்கள். நான்காம் நாளில் ஒரு பாத்திரம் கஞ்சியோடு வருகிற சபையார், நோயாளியின் குடும்பத்துக்குச் சூரைச்செடியண்டை வந்த தூதனைப்போல் இருப்பார்கள். நீண்ட ஜெபம் வேண்டாம். உடனிருப்பவரை இரண்டு மணி நேரம் தூங்கச் சொல்லிவிட்டு நீங்கள் பெஞ்சில் உட்காருங்கள்.

மூன்றாவது, வீடு திரும்பினவரை விரட்டாதிருங்கள். பம்பிங் திரும்பினாலும், கை கால் பெலனும், ஞாபகமும், மனத் தைரியமும் திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். “சுகமாகிவிட்டதே, ஏன் ஆராதனைக்கு வரவில்லை?” என்று கேட்க வேண்டாம். மறுபரிசோதனை எக்கோவுக்குக் கூட்டிப்போக ஒருவர் உதவி செய்தால் அது பெரிய ஊழியம். முன்பே இருதய நோய் இருந்தவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

நான்காவது, உங்கள் காணிக்கை எங்கே போகிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். பிலிப்பி சபையார் பவுலுக்கு அனுப்பிய காணிக்கையைக் கொண்டுபோன எப்பாப்பிரோதீத்து, போன இடத்தில் மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டதைப் பிலிப்பியர் 2-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர் பிழைத்ததைப் பவுல் தேவனுடைய இரக்கம் என்றே எழுதுகிறார். அந்த நாட்களில் அவருக்குத் தண்ணீர் கொடுத்தவர் யார், இரவில் உடன் இருந்தவர் யார் என்று வேதத்தில் எழுதப்படவில்லை. ஆனாலும் யாரோ இருந்திருக்க வேண்டும். உங்கள் காணிக்கையும் அப்படியே பெயரில்லாமல் ஒரு படுக்கையண்டை நிற்கிறது. அது ஒரு நோயாளிக்கு நான்காம் நாளாகிறது, ஐந்தாம் நாளாகிறது, ஆறாம் நாளாகிறது.

கலந்துரையாடலுக்குச் சில கேள்விகள்

1. தேவன் எலியாவிடம் கேள்வி கேட்பதற்கு முன் போஜனமும் தூக்கமும் கொடுத்தது ஏன்? நம் வீட்டில் சோர்ந்திருப்பவரிடம் நாம் எதை முதலில் கொடுக்கிறோம்?

2. மாரடைப்பில் விழும் இருதயத்துக்கும் கிருமித் தொற்றில் இளைக்கும் இருதயத்துக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் அயலாருக்கு எப்படிச் சொல்லுவீர்கள்?

3. நம் சபையில் ஒருவர் பத்து நாள் தீவிர சிகிச்சையில் இருந்தால், ஒவ்வொரு நாளும் யார் போவது என்று முறை வகுக்க முடியுமா?

ஜெபக் குறிப்புகள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி செய்யும் செவிலியருக்காகவும், அவர்கள் தளர்ந்துபோகாதபடிக்கும் ஜெபியுங்கள்.

வெளியே பெஞ்சில் காத்திருந்து, எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதா, இருப்பதா என்று இன்று தீர்மானிக்க வேண்டிய குடும்பங்களுக்காக ஜெபியுங்கள்.

பிள்ளைகளை இழந்த பெற்றோருக்காக ஜெபியுங்கள். அவர்களிடம் சீக்கிரமாய் ஆறுதல் வார்த்தை சொல்லிவிடாமல், உடன் உட்கார்ந்திருக்கும் கிருபையை எங்களுக்குத் தரும்படியும் வேண்டிக்கொள்ளுங்கள்.

ஏழை நோயாளர் நிதியின் தேவைகள் சந்திக்கப்படவும், அதில் ஒரு பைசாவும் வீணாகாதபடி உண்மையோடு செலவிடப்படவும் ஜெபியுங்கள்.

சோர்ந்துபோகிறவர்களைத் தாங்குகிற தேவன்தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனைப் போதகர் ஊழியப் பிரிவினர்